எந்தக் கையில் எது

ஊரார் அதற்கு வைத்த பெயரில்
ஓர் ஆடும் ஒரு வருத்தமும் உண்டு.
நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன்
தீவனத்துக்கென்று விதைத்தார்கள், இந்த யூட்டா பள்ளத்தாக்கில்.
மாடு முகர்ந்து பார்த்து விலகியது.
செடி விலகவில்லை.

நான் கவுண்டியின் களைத்துறை ஆள்.
முதுகில் பதினைந்து லிட்டர் மருந்து.
சட்டைப் பையில் இரண்டு வெள்ளை மாத்திரை.
அதற்கும் மருந்து என்றுதான் பெயர்.

வெர்லன் ஆல்ரெட்டின் ஐந்து பெட்டையாடுகள்
வியாழனன்று மூக்கில் நுரையோடு கிடந்தன.
அவர் ஒன்றும் பேசவில்லை.
கால்வாய்ப் பக்கம் கையை நீட்டினார்.
கரை நெடுக இடுப்புயரம்,
பட்டாணிப் பூவுக்குத் தங்கை முறை ஊதாக் கொத்துகள்,
ஒவ்வொன்றிலும் தேனீ.

மார்ச்சில் லேப் சீட்டு: ஒன்பது புள்ளி இரண்டு.
மருந்துக்கடை டாரீன் பையை மடித்துக்கொண்டே,
"இதோட பூர்வீகம் தெரியுமா?
நீ கொன்னுக்கிட்டிருக்கிற அந்தச் செடிதான்" என்றாள்.
இருவரும் சிரித்தோம்.
காருக்கு வரும்வரை சிரித்தேன்.

மாத்திரையில் இலை இல்லை, பூ இல்லை.
ஆலையில் பிறந்தது.
மூடியைத் திறந்தால் மீன் வாடை.
செடிக்குள் இருந்த ஒரு சரக்கைப் பார்த்து
அதன் கடுமையைத் தணித்து
யாரோ வேறு கையெழுத்தில் எழுதிய நகல்.

அதற்கும் வெகுகாலம் முன்பு, ஐரோப்பாவில் எங்கோ,
தாகம் அடங்காமல்
இரவில் ஏழு முறை எழுந்து போன ஒருவன்
இதே இலையைக் கொதிக்க வைத்துக் குடித்திருப்பான்.
எத்தனை இலை என்று அவனுக்கு யார் சொன்னது?
ஆல்ரெட்டின் ஆடுகளுக்கும்
யாரும் சொல்லவில்லை.

கைப்பிடியை அழுத்தாமல் கொஞ்சம் நின்றேன்.
தேனீக்கள் போகட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.
அவை போகவில்லை.
அழுத்தினேன்.
சம்பளம் அதற்குத்தான்,
ஆடுகளும் பாவம்.

இரவுச் சாப்பாடு முடிந்து
கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதம் பார்க்கிறேன்.
புண் வந்தாலும் வலிக்காதாம்,
கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
காலுறை மடிப்பில் ஒரு விதை:
பழுப்பு, அவரை வடிவம்,
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.
மண்ணுக்குள் பல வருஷம் தூங்கும்,
செத்துவிட்டதென்று நம்பாதீர்கள் என்று
ஊர்க்கூட்டங்களில் பேசுவதே நான்தான்.
குப்பையில் போடக் கூடாது.
எரிக்க வேண்டும்.

இடது கையில் விதை. வலது கையில் மாத்திரை.
தண்ணீர் எடுத்து வைக்க மறந்திருந்தேன்.
இரண்டு கையையும் மூடிக்கொண்டு
இருட்டில் சமையலறைக்கு நடந்தேன்,
எந்தக் கையில் எது என்று
ஒவ்வோர் அடிக்கும் கேட்டபடி.