பதினோராவது நிமிடம்

சாட்ஸ்வர்த், பிப்ரவரி. சுவருக்கும் வியர்க்கிறது.
விண்டோஸில் நாளெல்லாம் ஓடுகிற மடிக்கணினி
லினக்ஸுக்குள் போனால்
பதினோராவது நிமிடம் பொட்டென்று அணைகிறது.

ராம் போயிருக்கும் என்றான் தயாளன்.
கழற்றி, ரப்பரால் தேய்த்து, மாட்டினேன்.
பதினொன்று.
கிராஃபிக்ஸ் டிரைவர் என்றான்.
மாற்றினேன். திரை கொஞ்சம் பச்சையாக வந்தது,
பிறகு பதினொன்று.
"ஒரே பெட்டியில ரெண்டு பேரைக் குடிவச்சா இப்படித்தான்"
என்றபடி பன்னி சௌவைப் பிய்த்தான்.
குழம்பு விரலோடு விசைப்பலகையைத் தொட வந்தவனை
வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

லாக் கோப்பில் புகார் ஏதுமில்லை.
கடைசி வரி: ப்ளூடூத் தயார்.
அதற்கப்புறம் வெறுமை,
பேச்சின் நடுவே எழுந்துபோனவர் நாற்காலி போல.

எட்டு மணிக்கு லோட் ஷெடிங்.
கூரை விசிறி, பக்கத்து வீட்டு டிவி,
கீழ்வீட்டு மூட்லியின் பழைய ஃபிரிட்ஜ்
ஒவ்வொன்றாய் வாயை மூடின.
இருட்டில் என் லினக்ஸ் மட்டும்
பேட்டரியில், ஒன்பதாவது நிமிடம்.

அப்போதுதான் கேட்டது
கேட்காதது.
விசைப்பலகைமேல் காதை வைத்தேன்.
திரையில் ஒரே எழுத்து நீளமாய் ஓடியது.
கன்னம் சுட்டது.
உள்ளே விசிறி சுற்றவே இல்லை.

விண்டோஸ் தானாகப் பார்த்துக்கொண்ட வேலையை
இதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.
பாவம், வெந்துகொண்டே
ப்ளூடூத் தயார் என்று எழுதியிருக்கிறது.

தயாளனுக்குச் சொல்லலாமென்றால்
டவரும் படுத்துவிட்டது.
மின்கட்டண பில்லை மடித்து
கணினிக்கு விசிறத் தொடங்கினேன்.
பன்னிரண்டு.
பதின்மூன்று.