சவுனாவில் உருளை

கூமோவுக்கு வடக்கே
ஒரு சவப்பெட்டிப் பட்டறை நொடித்துப்போய்
ஏலத்துக்கு வந்தது.
நூற்றெண்பது யூரோவுக்கு
இந்த இழைப்பு மெஷினை எடுத்தேன்.
பச்சை வர்ணம். வார்ப்பிரும்பு மேசை.
ஓடுமா என்றேன்.
"ஓடும். சீவாது" என்றாள் ஏலக்காரி ஹன்னெலே.
அவள் பொய் சொல்லவில்லை.

உருளையில் மூன்று கத்திகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் இரும்பு ஆப்பு.
ஆப்புக்கு ஐந்து திருகு,
ஆகப் பதினைந்து.
இடுக்கெல்லாம் பைன் பிசின்,
பாகு முறுகிக் கல்லானதுபோல்.
பிசினுக்கு மேல் துரு. துருவுக்கு மேல் மறுபடி பிசின்.
யார் யாருடைய கடைசிப் பலகைகளிலிருந்தோ
கசிந்து வந்தது.

திங்களன்று டீசலில் ஊறப்போட்டேன்.
செவ்வாயன்று எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி.
புதனன்று சுத்தியல்.
அடி உதவுகிறாற்போல்
அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள்.
அடியும் உதவவில்லை.
இடையில் வைத்த பித்தளைத் துண்டுதான் நசுங்கியது.
வியாழனன்று ஸ்பேனர் வழுக்கி
என் விரல்முட்டி கிழிந்தது.
உடும்புக்குக்கூட எப்போதாவது சலிக்கும்.

வெள்ளியும் அப்படியே போனது.
சனிக்கிழமை சவுனாவை மூட்டினேன்.
டீசல் வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவி,
உருளையைத் துண்டில் சுற்றித்
தூக்கிவந்து
மேல்பலகையில் கிடத்தினேன்.
குழந்தை கனமில்லை அது, கன்றுக்குட்டி கனம்.

ஆறு மணிக்கு ரெய்யோ வந்தான்.
என் தம்பி.
அவன் வீட்டுப் புகைபோக்கி விரிசல்விட்டு நான்கு குளிர்காலம்.
எங்களுக்குள் பேச்சு நின்றும் அதே நான்கு.
தன் பங்குக் காட்டை மொட்டையடித்து விற்றான்.
என் சமையலறை ஜன்னலில் இப்போது
அடிக்கட்டைகள், அப்புறம் வானம்.
பேசமாட்டான், குளிக்க வருவான்.
சண்டைக்கும் சவுனாவுக்கும் என்ன சம்பந்தம்.

உருளையைப் பார்த்தான்.
அதற்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.
மூன்று பேராக வியர்த்தோம்.
தொண்ணூறு டிகிரியில்
பிசின் முதலில் மணத்தது.
பிறகு கண்திறந்து
தேன்நிறத்தில் ஒரு சொட்டு
பலகையில் விழுந்தது.
வெட்டிப்போட்ட காட்டின் அதே வாசனை.
இருவரும் கல்லடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையுறை மாட்டி
ஸ்பேனரை இடப்பக்கம் திருப்பினேன்.
பலகையில் காலை ஊன்றித் திருப்பினேன்.
அசையவில்லை.
ரெய்யோ கையை நீட்டினான்.
பிறந்ததிலிருந்தே
நான் இடமென்றால் அவன் வலம்.
அறிவு ஒன்றும் இல்லை, பிடிவாதம்தான்.
வலப்பக்கம் திருப்பினான்.

டக்.

இந்தத் திருகுகள்
ஆப்புக்குள் இறங்கினால் தளரும்,
வெளியே வந்தால்
எதிர்ச்சுவரை முட்டி இறுகும்.
ஐந்து நாளாக நான்
முழு பலத்தையும் போட்டு
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் சிரிக்கவில்லை.
அடுத்த திருகுக்குப் போனான்.
பதினைந்தும் முடிகிறவரை
கல்லில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

மூன்றாம் கத்திக்கு அடியில்
ஒரு காகிதக் கீற்று.
உயரம் சரிக்கட்ட யாரோ செருகியது.
கால்பந்துப் பந்தயச் சீட்டின் ஓரம்,
பென்சிலில் பெருக்கல் குறிகள்,
எண்ணெயில் ஊறி, வெங்காயச் சருகுபோல்.

"ஜெயித்திருப்பானா?" என்றான் ரெய்யோ.

குரல் கொஞ்சம் தடித்திருந்தது.
அல்லது எனக்கு மறந்திருந்தது.

"ஜெயித்த சீட்டை யாராவது
இதற்குள் செருகுவார்களா" என்றேன்.

அவ்வளவுதான். பிறகு குளித்தோம்.

ஞாயிறன்று கத்திகளைத் தீட்டி மாட்டும்போது
அந்தக் கீற்றையும் அதே இடத்தில் வைத்தேன்.
எடுத்துவிட்டுப் பார்த்தேன், கத்தி தாழ்ந்தது.
திரும்ப வைத்தேன், சரியாக இருந்தது.
ஒரு பிர்ச் பலகையை ஓட்டினேன்.
சுருள் சுருளாக வந்து
பூட்ஸுக்குள் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை
மேல்பலகையில் அந்தச் சொட்டு விழுந்த இடத்தைத்
துடைக்க மறந்துபோனேன்.
ரெய்யோ வந்து
சரியாக அதன்மேல் உட்கார்ந்தான்.
எழுந்திருக்க முடியவில்லை,
ஆப்பசைத்த குரங்கு.

அவன் பேசினான்.
நீளமாகவே பேசினான்.
எதையும் இங்கே எழுத முடியாது.