முள்ளங்கியின் வாய்

மூன்று வயது நிறையவில்லை முள்ளங்கிக்கு.
மன்னவனூரில் வாங்கினோம், அமலோற்பவத்தின் குழுக் கடனில்.
வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை,
மண் கழுவாத நிறம்;
பெயர் வைத்தது மகள்.
ஏப்ரலில் அது ஏரியைச் சுற்ற வேண்டும்.
இப்போது ஜனவரி.
தவணைக்கு மட்டும் சீசன் கிடையாது.

சேணத்துக்குச் சம்மதித்துவிட்டது.
முதலில் சாக்கு, பிறகு நனைந்த சாக்கு,
பிறகு வார் கட்டிய சாக்கு;
தோலை ஒருமுறை சிலிர்த்ததோடு சரி.
கடிவாளத்தைக் கண்டால்தான்
கழுத்து வளர்ந்துவிடுகிறது.
நான் ஐந்தடி மூன்றங்குலம்.
அது தலையைத் தூக்கிக்கொண்டால்
வாட்டில் மரத்தின் கிளையில் இருக்கிறது வாய்.

‘காதைப் பிடித்து முறுக்கு,
வாய் தன்னால் திறக்கும்’ என்கிறார் சையது பாவா.
அவருடைய குதிரைகள்
யார் கை உயர்ந்தாலும் கண்ணை மூடுகின்றன,
போட்டோ எடுக்கிறவன் கை உயர்ந்தாலும்.

குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே
ஒன்றும் முளைக்காத ஒரு நீளம்.
இரும்பு அங்கேதான் உட்கார வேண்டும்.
யாருக்காக விட்டுவைத்த இடம் அது என்று
நான் கேட்டதில்லை.
எனக்கும் அப்படி ஒரு இடம் உண்டு,
இரண்டு வருடத்துக்கு முன் சுந்தரி உதைத்துத் தந்தது,
மேல் வரிசையில் நான்கு.
வத்தலக்குண்டில் செட்டு கட்டினார்கள்.
முதல் வாரம் முழுக்க
வேறு யாருடைய வாயிலோ பேசிக்கொண்டிருந்தேன்.
குமட்டல், ஓயாத எச்சில்.
ஒருநாள் ஏரியில் எறியக் கையை ஓங்கி,
ஆறாயிரம் ரூபாய் என்று ஞாபகம் வந்து
மாட்டிக்கொண்டேன் திரும்ப.

அன்று புல்லெல்லாம் உறைபனி.
குழாயடி வாளியில் கண்ணாடிபோல ஒரு தகடு.
டம்ளரிலிருந்து பல்லை எடுத்து மாட்டினேன்,
ஈறு கூசியது காது வரைக்கும்.
அந்தக் கூச்சத்தோடுதான் கொட்டகைக்கு நடந்தேன்.
ஆணியில் கடிவாளம்.
தொட்டதும் விரல் நுனி மரத்தது.
இதையா.
பதினோரு நாளாக, விடிந்ததும் விடியாததுமாக,
இதையா உன்னைக் கவ்வச் சொன்னேன்.

சுருட்டி ஸ்வெட்டருக்குள் விட்டு
இரும்பை அக்குளில் இடுக்கினேன்.
கத்திவிட்டேன்.
முள்ளங்கி காதைத் திருப்பி
என்னை முதன்முறையாகக் கவனித்தது.

கருப்பட்டியைக் கல்லில் நசுக்கி,
சூடேறிய இரும்பில் தடவி,
கன்னத்து வாரைப் பிரித்துவிட்டு,
காதுப்பக்கமே போகாமல் கீழிருந்து கொண்டுபோனேன்.
கட்டைவிரலை அந்த வெற்றிடத்தில் வைத்தேன்.
ஈரம். வெக்கை. நாக்கின் கனம்.
கருப்பட்டிக்குத் திறந்ததா, விரலுக்கா,
வெறும் கொட்டாவியா, தெரியாது.
இரும்பு உள்ளே போனது,
ஒரு பல்லிலும் தட்டாமல்.

மென்றது.
உதட்டைக் கோணி மறுபடி மென்றது.
எதிரே நின்ற நானும்
என் செட்டை நாக்கால் தள்ளித் தள்ளி
அதே வேலையில் இருந்தேன்.
பழுப்பு நுரை என் சட்டைக் கையில் வழிந்தது.
வாரை இழுக்கவில்லை, ஓரடி நடத்தவில்லை.
செண்பகனூர்ப் பக்கம் மாதா கோவில் மணி
அடித்து ஓயும்வரை நின்றோம்.
பிறகு கழற்றினேன்,
நாக்கு அதை விடட்டும் என்று காத்திருந்து.
அவசரத்தில் உருவினால் பல்லில் இடிக்கும்.

ராத்திரி ‘ஆச்சா?’ என்று கேட்டாள் அமலோற்பவம்.
பல் டம்ளரில் இருந்தது.
நான் சொன்னதில் பாதி காற்று.
அவளுக்கு எது புரிந்ததோ,
காலையில் டம்ளர்
ஜன்னலோரம் இல்லை, அடுப்போரம் இருந்தது.

கொட்டகையில் முள்ளங்கி
மறுபடியும் கழுத்தை வளர்த்துக்கொண்டு நின்றது.
ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றினேன்.