மாதிரி

காற்றை நிறுத்திவிட்டு
கடிகாரத்தைப் பார்ப்பதுதான் சோதனை.
ஆறு புள்ளி ஒன்று.
ஐந்து புள்ளி நான்கு.
நான்கு புள்ளி ஏழு.
ஜாடிக்குள் பழுப்புக் கூட்டம்
மூச்சிழுக்கும் வேகம் ஒரு சாய்கோடு.
காற்றைத் திறந்தால்
கோடு ஏறும், வளையும், களைத்து நிற்கும்.
காற்று தந்தது எவ்வளவு,
இவை தின்றது எவ்வளவு
என்று பிரித்துச் சொல்லத்தான்
சோஹாரில் எனக்குச் சம்பளம்.

ஜூனில் தொட்டித் தண்ணீர் முப்பத்தாறு டிகிரி.
சூட்டில் பிராணவாயு தங்காது,
எவ்வளவு ஊதினாலும் ஏழு தாண்டாது.

மாதிரி எடுப்பது, மாதிரி கட்டுவது
இரண்டும் நமக்கு ஒரே சொல்.
எஞ்சினியர் ஷெரீஃபுக்கோ தனித்தனி ஃபைல்.
எட்டு மாதத்தில் இரண்டாவதைக் கட்டினேன்:
காலை ஆறுக்கு ஒரு மேடு, கேம்ப் குளிக்கிறது.
இரவு ஒன்பதுக்கு ஒரு மேடு, கேம்ப் சமைக்கிறது.
மற்ற நேரம் தட்டை.

தீனி வராத நேரத்தில்
கிருமி தன்னையே கொஞ்சம் தின்று
மூச்சு விடும்.
அதற்கும் ஓர் எண் உண்டு, எட்டாம் பத்தியில்.
ஓவர்டைம் நிறுத்திய மாதம்
அந்தப் பத்தியை இரண்டு தரம் சரிபார்த்தேன்.

நேற்று விடியுமுன் மூன்றரைக்கு
எங்கிருந்தோ ஒரு மேடு.
தொட்டியில் பிராணவாயு ஒன்றுக்கும் கீழே.
ஃபோனில் ஷெரீஃப், தூக்கக் குரலில்:
சென்சாரைக் கழுவு, சவ்வை மாற்று.
கழுவினேன். மாற்றினேன்.
மேடு அப்படியே.

மூன்றாவது புளோயரை ஓட்டிவிட்டு வந்த சதக்
தூக்குவாளியைக் கீழே வைத்து
திரையைப் பார்த்தான், சிரித்துவிட்டான்.
"நோன்பு பிடிச்சாச்சுண்ணே.
எழுநூறு பேரு சஹர் சாப்பிட்டு
தட்டு கழுவுறாங்க."

அந்தத் தட்டுகளில் ஒன்று என்னுடையது.
நோன்பில்லாத எனக்கும்
ரெண்டரை மணிக்கு அவன்தான் எழுப்பிச் சோறு போட்டான்.
வேலிக்கு அந்தப் பக்கம் நான் அலம்பிய எண்ணெய்
நாற்பது நிமிடத்தில் குழாய் வழி வந்து
என் வரைபடத்தை உடைத்திருக்கிறது.

'காரணம்' என்ற கட்டத்தில்
பருவ மாற்றம் என்று எழுதினேன்.
பொய்யில்லை.

மூன்றரைத் தண்ணீரை
முந்நூறு மில்லி புட்டியில் அடைத்து,
குமிழி ஒன்றும் சிக்காமல் மூடி,
இன்குபேட்டரில் வைத்திருக்கிறேன்.
இருட்டு. இருபது டிகிரி. ஐந்து நாள்.
இந்த ஊரில் இப்படிப் படுக்க
வேறு யாருக்கு வாய்க்கிறது?

வியாழக்கிழமை திறக்க வேண்டும்.
ஒட்டிய சீட்டில்
எண்ணுக்குப் பதில் 'சஹர்' என்று எழுதிவிட்டேன்,
ஷெரீஃப் பார்த்தால் கேட்பார்.