தலைக்கணக்கு

வலது கட்டைவிரல் காய்த்துப்போயிருக்கிறது.
மண்வெட்டி பிடித்த காய்ப்பு இல்லை.
ஆறு வருடமாக ஒரு பொத்தானை அழுத்துகிறேன்.
ஒரு தலைக்கு ஒரு 'டிக்'.

கிளாஸ்கோ மழை கதவைத் தள்ளிக்கொண்டு
உள்ளே வருகிறது.
கட்டணம் இல்லையே, அதுவும் வரட்டும்.
அதை மட்டும் நான் எண்ணுவதில்லை.

மாலை ஐந்து மணிக்கு
அன்றைய தொகையை நீலக் கோப்பில் எழுதுவேன்.
மார்ச்சில் கவுன்சில்காரர்கள் வந்தால்
நேராக அந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள்.
படங்களைப் பார்க்க அவர்களுக்கு நேரம் போதாது.

செவ்வாய்க்கிழமை
திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே
கைக்குழந்தைகளுக்குப் பாட்டு நேரம்.
தள்ளுவண்டி பதினேழு, குழந்தைகள் பத்தொன்பது.
இதெல்லாம் தலையில் சேருமா என்று கேட்டேன், முதல் வாரம்.
"மூச்சு விட்டால் எண்ணு" என்றாள் இஷ்பெல், என் மேலாளர்.
எகிப்து அறையில் படுத்திருப்பவரை
அதனால் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை ஆங்கில வகுப்பு,
பழைய டச்சு ஓவியங்களின் முன்னால்.
கத்தி. தட்டு. மேசைவிரிப்பு.
எரித்திரியாவிலிருந்து வந்த செனாய்த்
பாதி உரித்த எலுமிச்சையைக் காட்டி
"யார் சாப்பிடாமல் எழுந்து போனார்?" என்று கேட்டாள்.
இறந்தகாலத்தில் ஒரு பிழையும் இல்லை.
ஆசிரியைதான் கொஞ்ச நேரம்
பதிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து
மகள் வீட்டுக்கு வந்த ஒரு தம்பதி,
என் சட்டையில் பெயரைப் படித்துவிட்டு
"டிக்கெட் எவ்வளவுங்க?" என்றார்கள்.
ஓசிதாங்க, என்றேன்.
அவர் மனைவியைப் பார்த்தார்.
"ஓசியா? அப்ப உள்ள என்ன குறை?"
மூன்று மணி நேரம் சுற்றிப் பார்த்தும்
குறை அகப்படவில்லை போலிருக்கிறது.
போகும்போது பெட்டியில் ஐந்து பவுண்டு போட்டு
ரசீது கேட்டார்.

மாடி நடைவழியில் புதிய கண்காட்சி:
இடிக்கப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சாமான்கள்.
குடியிருந்தவர்கள் கொடுத்தவை,
குறிப்புகளும் அவர்கள் எழுதியவையே.
'எட்டாம் மாடி லிஃப்ட் பொத்தான்.
கடன் தந்தவர்: மோரக் பெய்ர்ட்.
இது ஒருநாளும் வேலை செய்ததில்லை.'
மோரக் வாரம் ஒருமுறை வந்து
அதை அழுத்திப் பார்க்கிறாள்.
தொடக்கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பிறகு ரென்னி.
பத்து மணிக்குக் கதவு திறந்ததும் வருவார்.
டச்சு அறையில், வெந்நீர்க் குழாய் ஓரத்து பெஞ்சில்,
ஈரக் காலுறை காயும்வரை
ஒரே படகுப் படத்தைப் பார்ப்பார்.
வீட்டில் ஹீட்டர் போட்டால்
மீட்டர் அவரைத் தின்றுவிடுமாம்.
நாளுக்கு நான்கு முறை புகைக்க வெளியே போவார்.
போய்த் திரும்புகிறவரை மறுபடி எண்ணக்கூடாது
என்பது விதி.
நான் எண்ணினேன்.
ஒரு நாளைக்கு ஐந்து ரென்னி.
போன குளிர்காலத்தில் மட்டும்
அவர் ஒரு சிறிய ஊராகிவிட்டார்.

இஷ்பெலுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.
ஒருநாள் கோப்பைப் புரட்டிவிட்டு
"டச்சு அறைக்கு இத்தனை ரசிகர்களா" என்றாள்.
மழை அதிகம், என்றேன்.
மூடி வைத்தாள்.

மார்ச்சில் வந்தார்கள்.
தொகை நன்றாக இருக்கிறதென்று சொல்லி
தேநீர் குடித்தார்கள்.
எண்ணிக்கை ஏறியதற்குப் பாராட்டு ஒரு பக்கம்,
திங்கட்கிழமைகளில் மூடுவதென்று தீர்மானம் இரண்டு வரி.
கடிதம் இப்போது
ஊழியர் அறையில், கெட்டிலுக்கு மேலே.

இன்று திங்கள்.
பல் டாக்டரிடம் போகிற பஸ்,
மாடித்தட்டு, முன் இருக்கை.
எங்கள் வாசலைக் கடக்கும்போது பார்க்கிறேன்:
தூணுக்கும் பூட்டிய கதவுக்கும் நடுவில்
ரென்னி, நெருப்புக்குச்சியை
உள்ளங்கையில் பொத்திக்கொண்டு.

கோட்டுப் பைக்குள்
ஒன்றுமில்லாத இடத்தில்
என் கட்டைவிரல் அழுந்துகிறது.