பதினாறாம் பாகம்

டோக்கன் வாங்கும் வரிசையில் நாங்கள்
டீசல் விலை பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள்
கோயில்வாடி ஜெட்டிக்கு மாற்றலாகி வரும் அதிகாரிகள்.
நாங்கள் பேசுவது
ஒன்பதாம் பாகத்தில் அந்த நர்ஸ்
ஏன் கதவைத் திறந்தாள் என்பதை.

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில்
போனில் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்துவிடும்.
அதற்குள் இறக்கிவைத்தது மட்டும்தான் ராத்திரிக்கு.
ஐஸ் ஏற்றும்போதே கேட்பார் டிரைவர் சீனி இபுராகிம்:
"டீசல் ஏத்தியாச்சு, தண்ணி ஏத்தியாச்சு,
கொரியாக்காரனை ஏத்தியாச்சா?"

வலையை விட்டால் இரண்டரை மணி நேரம் இழுவை.
மீன்கூடையைக் கவிழ்த்து
போனைப் பாலிதீன் பைக்குள் நிற்கவைத்து
ஐந்து தலைகள், ஒரு சாண் வெளிச்சம்.
கொரியாக்காரன் சுத்தத் தமிழில் அழுவான்.
என்ஜின் சத்தத்தில் பாதி கேட்காது.
கேட்காத பாதியை நம்புராஜன் இட்டுக்கட்டுவான்,
அது பெரும்பாலும் நிஜத்தைவிட நன்றாக இருக்கும்.

பிறகு ஒயர்லெஸ்.
"வேளாங்கண்ணி போட்டு, வேளாங்கண்ணி போட்டு, பாடு எப்படி?"
"நண்டு கொஞ்சம், காரல் கொஞ்சம்.
நீங்க எத்தனாவது பார்ட்டு?"
"பதினொண்ணு."
"பன்னெண்டைத் தனியாப் பாக்காதீக."
யாரோ குறுக்கே வந்து
"கொலை பண்ணுனது தம்பிதானப்பா" என்று உடைக்க,
அன்றிரவு பாக் நீரிணை மொத்தமும்
அவன் வம்சத்தை விசாரித்தது.

வேளாங்கண்ணி போட்டின் குரல் சேசடிமை.
அவன் நல்லாயிருக்கு என்றால் பார்ப்போம்.
நல்லாயில்லை என்றாலும் பார்ப்போம்,
ஏன் இல்லை என்று சண்டை போட.
அவன் சொல்லித்தான்
கடலைப் பற்றிய அந்த ஆவணப்படமும்.
நீலத்துக்குள் ஒருவன் மூச்சுவிடும் சத்தம்,
பிறகு தரையைச் சுரண்டிக்கொண்டு வந்தது ஒரு மடி.
எங்கள் மடியை நாங்கள்
கீழேயிருந்து பார்த்ததில்லை.
லாரி போன மண்ரோடாய்ப்
பின்னால் புழுதி, புழுதிக்குள் ஒற்றை நண்டு,
கொடுக்கைத் தூக்கிக்கொண்டு.
எங்கள் கம்பிவடம் முறுக்கேறி நின்றிருந்தது.
"சவுண்டு சரியில்லை" என்ற சீனி இபுராகிம்
படத்தை அழித்தார்.
"எப்படி?" என்றது ஒயர்லெஸ்.
"கேமரா நல்லாயிருக்கு" என்றேன்.
சேசடிமையும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை
அவன் பதினைந்தை முடித்திருந்தான்.
"கடல்ல விழுந்தவன் வருவானா மாட்டானா,
அதை மட்டும் சொல்லிராதீக."
பிறகு, "வெளிச்சம் ஒண்ணு வருது."
பிறகு கரகரப்பு.

காலையில் செய்தி: ஒரு படகு, ஆறு பேர்.
காவல் நீட்டிப்பு. மறுபடி நீட்டிப்பு.
அவன் மனைவி ஜெர்சிலின்
மீன்துறை அலுவலகத்தில் ஒரே மனுவை
மூன்று முறை எழுதிக் கொடுத்தாள்.
பதினாறை நாங்கள் பார்த்துவிட்டோம்.
பொய் எதற்கு,
வேலைநிறுத்தம் முடிந்த முதல் ராத்திரியே.
ஆனால் ஒயர்லெஸ்ஸில் யாரும் அதை எடுக்கவில்லை.
அங்கிட்டு வரைக்கும் கேட்டுரும் என்று
எவனோ சொன்னதை
எவனும் சிரிக்காமல் ஏற்றுக்கொண்டோம்.

எண்பத்து நான்காம் நாள் வந்தான்.
படகு வரவில்லை.
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னான்:
"பதினாறு முடிச்சாச்சு மாப்ள.
பாக்கலை, கேட்டேன்.
யாழ்ப்பாணத்துல ஒரு காவக்காரன்,
சிங்கள எழுத்து போட்டுப் பாத்திருக்கான்.
கம்பிக்கு அங்கிட்டு நின்னு
பாதி தமிழ், பாதி கைஜாடை.
விழுந்தவன் வந்துர்றான்!
ஏழு வருஷம் கழிச்சு, வேற சட்டையில.
அந்த நர்ஸே கதவைத் திறக்குறா."

நம்புராஜன் என்னைப் பார்த்தான்.
நான் டீயைப் பார்த்தேன்.
எங்கள் பதினாறில் யாரும் வரவில்லை.
கதவு மூடித்தான் இருந்தது,
பனி கொட்டியது, பெயர்கள் ஓடின.

சீனி இபுராகிம் கிளாஸைக் கீழே வைத்தார்.
"அதெல்லாம் சரிதான்.
அந்தச் சட்டையை அவனுக்கு யாரு குடுத்தது?
எனக்கு அதுதான் பிடிபடலை."