அரை மாத்திரை

மூன்றாம் கவுண்டர், போர்ட் லூயிஸ்.
மின்விசிறி சுற்றுகிறது,
ஏசி இன்னும் டெண்டரில் இருக்கிறது.
டோக்கன் நாற்பத்தொன்று:
ரெயூனியனிலிருந்து காலை விமானத்தில் வந்தவர்,
சொலான்ஜ் மாரிமுத்து, ஊர் சேன் ஆந்த்ரே.
செத்துப்போனவர் அவர் அப்பாவின் அண்ணன்,
குட்லண்ட்ஸில் பதினோரு பெர்ச் நிலத்தையும்
ஒரு தகரக் கொட்டகையையும் விட்டுவிட்டு.
வேறு வாரிசு இல்லை.

சிக்கல் எழுத்தில்.
அண்ணன் இங்கே பதிவு, தம்பி அங்கே.
முத்துவின் உகரத்துக்கு
இங்கிலாந்து இரண்டு ஓ போட்டது,
பிரான்சு ஓவும் யூவும் போட்டது.
காகிதத்தில் அவர்கள் இப்போது
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை.
அதிலும் கடைசி உகரம் குற்றியலுகரம்.
சனிக்கிழமைக் கோயில் வகுப்பில்
எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரே இலக்கணம் அது:
அரை மாத்திரை,
கண் இமைக்கும் நேரத்தில் பாதி.
அந்தப் பாதி இமைப்புக்குள்
இரண்டு அரசாங்கங்கள் புகுந்து
மேசை போட்டு உட்கார்ந்துவிட்டன.

கோப்பைத் திறந்தார். அடடா, என்ன ஒழுங்கு!
குடும்பப் புத்தகம், விதி எண், உட்பிரிவு எண்,
ஒவ்வொரு தாளும் அடுத்த தாளைக் கைகாட்டியது.
"எந்த விதிப்படி மறுக்கிறீர்கள்?"
மறுக்கவில்லையே, என்றேன்.
"அப்படியானால் எந்த விதிப்படி ஏற்கிறீர்கள்?"
ஏற்கவும் இல்லை.
பேசியது கிரியோல்,
அவருடையது ஒரு கரை, என்னுடையது மறுகரை,
நடுவில் தண்ணீர் முழங்கால் அளவுதான்.

உள்ளே போய் ராம்தோனியிடம் கேட்டேன்.
அவர் விதியைக் கேட்கவில்லை.
"போன தடவை என்ன செய்தோம்?" என்றார்.
போன தடவை என்பது எழுபத்தொன்பது.
கோப்பு கிடங்கில்.
கிடங்குச் சாவி பிரசவ விடுப்பில்.

சென்ற மாதம் மோக்காவில் பயிற்சி வகுப்பு.
பிரசல்சிலிருந்து வந்தவர்
திரையில் ஐரோப்பாவை நாலு வண்ணமாகப் பிரித்தார்.
நீலத்தில் அரசு முதலில் பிறந்தது, குடிமகன் பிறகு.
சிவப்பில் அரசு என்று சொல்லவே கூச்சம்,
இலாகா என்பார்கள், வழக்கம் என்பார்கள்.
சாம்பலில், ஜெர்மனியில், குமாஸ்தா பாதி வக்கீல்.
பச்சையில், சுவீடனில்,
யார் வேண்டுமானாலும் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாமாம்.
அங்கே மட்டும் வகுப்பு சிரித்தது.
நாங்கள் எந்த வண்ணம் என்று கேட்டது நான்தான்.
அடியில் ஒரு நட்சத்திரக் குறியைக் காட்டினார்:
கலப்பு.

கலப்புதான்.
நிலத்துக்குச் சட்டம் பிரெஞ்சு,
சட்டத்துக்குக் கோப்பு ஆங்கிலம்,
கோப்பு தொலைந்தால் திட்டுவது கிரியோல்.
டச்சுக்காரர்களும் இருந்தார்கள்.
கருங்காலியை வெட்டினார்கள்,
எங்களுக்கு ரசீது வைக்கவில்லை.

இரண்டு சாட்சிகளைக் கூட்டி வாருங்கள் என்றேன்,
இந்த முத்துவும் அந்த முத்துவும் ஒரே முத்து என்று
கை உயர்த்திச் சொல்ல.
வியாழக்கிழமை.
அவர் கோப்பை மூடினார்.
"எங்கள் ஊரில் முடியாதுக்கு ஓர் எண் உண்டு,
அதைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீடு போகலாம்.
உங்கள் பார்க்கலாமுக்குத் தேதி மட்டும் இருக்கிறது.
தேதியின்மேல் நான் எங்கே முறையிட?"

பதில் பணிவிதிகளில் இருக்கலாம்.
பணிவிதிகள் கிடங்கில்.

கட்டணம் நூறு.
யூரோவை நீட்டி, நாக்கைக் கடித்து,
விமான நிலையத்தில் மாற்றிய நோட்டை எடுத்தார்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
அது விதியா வழக்கமா தெரியாது, எல்லோரும் செய்வது.
அதில் பொடியாய்த் தமிழில்
நூறு ரூபாய்.
நூறின் கடைசியிலும் அதே உகரம்,
அதே அரை மாத்திரை.
அதற்கு இதுவரை யாரும் சாட்சி கேட்டதில்லை.

பெட்டியில் போட்டேன்.
நாற்பத்திரண்டு.